பருப்பு வேகாத தண்ணீர்: புதிதாகச் சமைப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

சமையலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் பருப்பில்தான். ஒரே கடையில் வாங்கிய ஒரே பருப்பு, ஒரே குக்கரில், ஒரு நாள் மத்து வைத்ததும் மசிந்துவிடுகிறது. இன்னொரு நாள் ஆறு விசிலுக்குப் பிறகும் தண்ணீர் மேலேயும் பருப்பு அடியிலேயும் தனித்தனியாக நிற்கிறது. வட சென்னையில் இந்தத் தடுமாற்றம் சற்றுக் கூடுதல். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் ஒரே வீட்டுக்குள் மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் என்று பலவகைத் தண்ணீர் புழங்குவதும், அன்றைக்குக் குடத்தில் எது இருக்கிறதோ அதுவே குக்கருக்குள் போவதும் அதற்கு முக்கியமான காரணம். பருப்பு வேகவில்லை என்றால் மளிகைக்கடைக்காரரைத் திட்டுவது நம் வழக்கம். பல நேரங்களில் அவர் மீது குற்றமே இருப்பதில்லை.

பருப்பு வேகும்போது அதற்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, தண்ணீர் உள்ளே புகுந்து மாவுச்சத்து ஊறி உப்புகிறது, புரதம் தன் வடிவத்தை இழக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் இது பெரிய சிரமமின்றி முடிந்துவிடும். இரண்டாவதுதான் நேரம் பிடிக்கும் வேலை. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். செங்கல் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூசிய சாந்தைப் போன்றது அது. அந்தச் சாந்து இளகிக் கரைந்தால்தான் செல்கள் பிரிந்து, பருப்பு மசிந்துவிட்டது என்று நாம் சொல்லும் நிலை வரும். மாவுச்சத்து முழுவதும் வெந்து, சாந்து மட்டும் இளகாமல் நின்றுவிட்டால், பருப்பில் பச்சை வாசனை இருக்காது, ஆனால் பல்லில் நறநறவென்று தட்டுப்படும். அத்தகைய பருப்பை எவ்வளவு கடைந்தாலும் அது சாம்பாரோடு சேராது. சிறிது நேரத்தில் அடியில் போய்த் தங்கிவிடும். தண்ணீரின் தன்மை, பருப்பின் வயது, புளி, உப்பு, குக்கரின் அழுத்தம் என்று சமையலறையில் பேசப்படும் எல்லாமே இந்தச் சாந்து விரைவில் இளகுமா, தாமதமாக இளகுமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

தண்ணீர்

சாந்தை இறுக்குபவை கால்சியமும் மக்னீசியமும். இவை அதிகமாகக் கரைந்திருக்கும் நீரைத்தான் பள்ளிப் புத்தகம் கடினநீர் என்கிறது. பருப்பைக் கடினநீரில் ஊறவைத்தாலோ வேகவைத்தாலோ கால்சியம் உள்ளே போய்ப் பெக்டினின் நீண்ட இழைகளை இடையிடையே பிணைத்துவிடுகிறது. அப்படிப் பிணைந்த பெக்டின் எளிதில் கரைவதில்லை. அடுப்பை எவ்வளவு தூண்டிவிட்டாலும் இந்தப் பிணைப்பு சுலபமாக விட்டுக்கொடுக்காது என்பதால், கடினநீரில் போட்ட பருப்புக்குக் கூடுதல் நேரம் கொடுப்பது அரைகுறையான தீர்வாகவே இருக்கும்.

இந்தத் தொல்லை நம் பகுதியில் ஏன் அதிகம் என்பதற்குக் கடலுக்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள உறவே விடை. கொசஸ்தலை ஆற்றுப் படுகையை ஒட்டிய மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், 1960களின் இறுதியிலேயே கடல்நீர் உட்புகுந்தது கவனிக்கப்பட்டது. அதற்குத் தெற்கே, கடற்கரையோரத் தெருக்களில் போடப்பட்ட போர்களிலும் உப்பும் கடினத்தன்மையும் சேர்ந்தே வருகின்றன. மாறாக, காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு முதல் இயங்கும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீரில் கடினத்தன்மை குறைவு. குழாயில் வரும் மெட்ரோ வாட்டரிலும் போர் தண்ணீரைவிடப் பொதுவாகக் குறைவுதான். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. குடிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட நீரெல்லாம் பருப்பு வேகவைக்க உகந்தது என்று இதற்குப் பொருளில்லை. 500, 600 என்ற அளவில் உள்ள நீரில் துவரம் பருப்பு நன்றாகவே அடம்பிடிக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நாக்கில் கரிக்கும் நீரும் கடினநீரும் ஒன்றல்ல. கரிப்புக்குக் காரணமான சாதாரண உப்பு பருப்பைக் கெடுப்பதில்லை. நாக்குக்கு எளிதில் தெரியாத கால்சியமும் மக்னீசியமுமே கெடுக்கின்றன. ஆகவே நீரைச் சுவைத்துப் பார்த்து முடிவுகட்ட இயலாது. வீட்டில் செய்யக்கூடிய சோதனை துணி சோப்புதான். ஒரு சிறிய பாட்டிலில் பாதியளவு தண்ணீர் எடுத்து, சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால், நல்ல தண்ணீரில் நுரை திரண்டு நிற்கும். கடினநீரில் நுரை வராமல் தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். சலவைத்தூள் வேறு வகை வேதிப்பொருளால் ஆனது, கடினநீரிலும் நுரைக்கும் என்பதால் அதை வைத்துச் சோதிக்கக் கூடாது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் உட்புறத்தில், சுரண்டினால் மட்டுமே வருகிற வெள்ளைப் படிவு இருந்தால் சோதனையே தேவையில்லை.

கடினநீர்தான் கையில் இருக்கிறது என்றால் என்ன செய்வது? நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தெளிந்த மேல்பகுதியை மட்டும் வடித்து எடுத்தால் கடினத்தன்மையின் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். பைகார்பனேட் வடிவில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் மட்டுமே இவ்வாறு நீங்கும். சல்பேட், குளோரைடு வடிவில் இருப்பவை கொதிக்கவைத்தாலும் போகமாட்டா. கடல் ஓரத்துப் போர் தண்ணீரில் இந்த இரண்டாவது வகை கணிசமாக இருப்பதால், கொதிக்கவைத்து வடிப்பதை நான் பெரிதாக நம்பச் சொல்லமாட்டேன். ஒரு டம்ளர் பருப்புக்குத் தேவைப்படுவது மூன்று டம்ளர் தண்ணீர், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவு. கழுவுவதற்கு எந்தத் தண்ணீரையும் பயன்படுத்திவிட்டு, ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் குடிக்கிற தண்ணீரை ஊற்றுவதே சிக்கனமும் நிச்சயமும் ஆன வழி. ஊறவைக்கும் நீரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பருப்பு பெருமளவு நீரைக் குடிப்பது அந்த வேளையில்தான். ஊறும்போது உள்ளே போன கால்சியத்தைப் பின்னால் நல்ல தண்ணீர் ஊற்றி எளிதில் வெளியேற்ற முடியாது.

பருப்பின் வயது

தண்ணீர் சரியாக இருந்தும் பருப்பு வேகாவிட்டால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது அதன் வயதை. பருப்புக்குள் பைட்டிக் அமிலம் என்றொரு பொருள் உண்டு. அது பருப்பில் இயல்பாகவே இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு பிடித்துவைத்திருக்கிறது. சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் பருப்பு கிடக்கும்போது, அதிலுள்ள நொதி ஒன்று பைட்டிக் அமிலத்தைச் சிதைத்துவிடுகிறது. விடுபட்ட கால்சியம் நேரே பெக்டினிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து கடினநீர் செய்யும் வேலையைப் பழைய பருப்பு தனக்குள் தானே செய்துகொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். சூடும் கடற்காற்றின் ஈரமும் ஆண்டு முழுவதும் குறையாத சென்னையில், அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் ஆறு மாதப் பருப்பைச் சேர்த்துவைப்பது அதை வேண்டுமென்றே முதுமையாக்குவதற்கு ஒப்பாகும்.

கடையில் வாங்கும்போதே வயதை அறிய உறுதியான வழி இல்லை. துவரை பெரும்பாலும் ஆடி, ஆவணியை ஒட்டி விதைக்கப்பட்டு மார்கழி, தை, மாசியில் அறுவடைக்கு வரும் பயிர். கர்நாடகத்தின் குல்பர்கா வட்டாரம் அதற்குப் பெயர்பெற்றது. அதோடு மியான்மரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் துவரையும் உளுந்தும் கப்பலில் வருகின்றன. பர்மா உளுந்து சென்னைத் துறைமுகத்துக்கு வழக்கமாக வந்திறங்கும் சரக்கு. கொத்தவால் சாவடியின் காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும், அதை ஒட்டிய கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகை மொத்த வியாபாரம் தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே மூட்டை மூட்டையாக விற்பனையாகும் கடையில், சரக்கு தேங்காமல் நகர்வதால், பழைய பருப்பு கிடைக்கும் வாய்ப்பு குறைவு. மூலைக்கடையில் வாங்குகிறவர்கள் ஒரு கிலோ வாங்கி வேகவைத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் உடனே அதே மூட்டையிலிருந்து அந்த மாதத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வது நல்லது. பளபளப்பு தரத்துக்கு அடையாளமல்ல. பருப்பைத் தீட்டியும் எண்ணெய் தடவியும் பளபளப்பு ஏற்ற முடியும்.

நியாயவிலைக் கடைப் பருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் அட்டைதாரர்களுக்குக் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு வழங்கப்படுகிறது. அதற்குப் பதிலாகக் கனடா மஞ்சள் பருப்பு வந்த மாதங்களும் உண்டு. அது பார்வைக்குத் துவரம் பருப்பைப் போலிருந்தாலும் மைசூர் பருப்பின் இனத்தைச் சேர்ந்தது, விரைவில் கரைந்துவிடும். துவரம் பருப்பு என்று எண்ணி அதற்கு ஐந்து விசில் விட்டவர்கள் கஞ்சியைத்தான் பார்த்திருப்பார்கள். அது பருப்பின் குறை அன்று. அதற்கு உரிய நேரம் வேறு, அவ்வளவுதான்.

எந்தப் பருப்புக்கு எவ்வளவு நேரம் என்பதைத் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். திறந்த பாத்திரத்தில் மைசூர் பருப்பு 15 முதல் 20 நிமிடம், பாசிப்பருப்பு 20 முதல் 25, துவரம் பருப்பு முக்கால் மணி நேரம், கடலைப்பருப்பு ஒரு மணி நேரம் வரை கேட்கும். குக்கரில் அழுத்தம் ஏறிய பின் சிம்மில் வைத்தால் முதல் இரண்டுக்கும் மூன்று முதல் ஐந்து நிமிடமும், துவரம் பருப்புக்கு எட்டு முதல் பத்து நிமிடமும், கடலைப்பருப்புக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடமும் போதும். தோல் நீக்கி உடைத்த பருப்பை ஊறவைப்பது கட்டாயமில்லை. அரை மணி நேரம் ஊறினால் சீராக வேகும் என்பதே அதன் பயன். தோலோடு கூடிய முழுப் பயறு, கொண்டைக்கடலை, ராஜ்மா ஆகியவற்றின் தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது என்பதால் அவற்றை இரவே ஊறவைத்தாக வேண்டும். ராஜ்மாவை மட்டும் எக்காரணத்தாலும் அரைவேக்காட்டில் உண்ணக் கூடாது; அதிலுள்ள லெக்டின் என்னும் பொருள், பத்து நிமிடமாவது நன்றாகக் கொதித்தால்தான் செயலிழக்கும், இல்லாவிட்டால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

புளி, உப்பு, சோடா

கடினநீருக்கு அடுத்தபடியாகச் சாந்தை இறுக்குவது புளிப்பு. பெக்டின் அமிலத்தில் நிலையாக நிற்கும், காரத்தன்மையில் விரைவாகக் கரையும். பருப்பு முழுவதும் வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வதன் காரணம் இதுதான். அரைவேக்காட்டுப் பருப்பில் புளித்தண்ணீர் விழுந்துவிட்டால், அதன் பிறகு அரை மணி நேரம் கொதித்தாலும் அந்தப் பருப்பு ஏறத்தாழ அதே நிலையில்தான் நிற்கும்.

மண்ணடியிலும் ராயபுரத்திலும் நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் தொட்டுக்கொள்ளச் செய்யும் தால்சாவை எடுத்துக்கொண்டால் இந்த ஒழுங்கு தெளிவாக விளங்கும். அதில் பருப்பு, ஆட்டு எலும்பு, கத்தரிக்காய், மாங்காய், புளி என்று ஐந்தும் சேர்கின்றன. ஐந்துக்கும் வேகும் நேரம் வெவ்வேறு. எலும்பை இஞ்சி பூண்டோடு தனியாக வேகவிட்டு, கடலைப்பருப்பையோ துவரம் பருப்பையோ இரண்டும் கலந்தோ இன்னொரு பாத்திரத்தில் குழைய வேகவைத்து மசித்து, இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே கத்தரிக்காயைப் போடுகிறார்கள். மாங்காய்த் துண்டும் புளியும் கடைசியில்தான் வரும். கைவேலையை மிச்சப்படுத்தலாம் என்று எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு மூடினால், எலும்பு வெந்திருக்கும், கத்தரிக்காய் காணாமல் போயிருக்கும், பருப்பு மட்டும் மாங்காயின் புளிப்பில் விறைத்து முழுசு முழுசாக நிற்கும். கோடையில் செய்யும் மாங்காய்ப் பருப்புக்கும் இதே விதிதான்: மாங்காயைக் குக்கருக்குள் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம், பருப்போடு கலந்து வைக்கக் கூடாது. தக்காளியின் புளிப்பு இவற்றைவிட மெல்லியது. பருப்பு புதியதாகவும் தண்ணீர் நல்லதாகவும் இருந்தால் ஒரு டம்ளர் பருப்போடு ஒரு தக்காளி வெந்துவிடும். இரண்டில் ஒன்று சரியில்லை என்று தெரிந்தால் தக்காளியையும் தாளிப்புக்கே ஒத்திவைப்பது நல்லது.

உப்பைப் பற்றிய அச்சம் தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டது. உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்பது பரவலான நம்பிக்கை. உப்பிலுள்ள சோடியம், பெக்டினில் ஒட்டியிருக்கும் கால்சியத்தை ஓரளவு இடம்பெயர்த்து, பருப்பு இளகுவதற்கு உதவவே செய்கிறது. முழுப் பயறு வகைகளை ஊறவைக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பைப் போட்டு ஊறவைத்து, பிறகு கழுவி வேகவைத்தால் தோல் மென்மையாக வருவதைக் காணலாம். உடைத்த பருப்புக்கு இந்த உதவி பெரிதாகத் தேவைப்படுவதில்லை, சாம்பாரில் பின்னால் எப்படியும் உப்பு சேரப்போகிறது. ஆகவே கடைசியில் போடும் வழக்கத்தைத் தொடர்வதால் நட்டமொன்றும் இல்லை.

ஆப்ப சோடா காரத்தன்மை உள்ளது என்பதால் பெக்டினை விரைந்து கரைக்கும். பழைய பருப்பும் கடினநீரும் ஒன்றுசேர்ந்துவிட்ட நாளில் ஒரு டம்ளர் பருப்புக்கு ஒரு சிட்டிகை போடுவதில் தவறில்லை. அதற்கு மேல் போனால் பருப்பில் சோப்பு வாடை வரும். பி1 வைட்டமினும் அழியும். தினசரி வழக்கமாக்கிக்கொள்ள வேண்டிய பொருள் இது அன்று.

குக்கரும் விசிலும்

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் சென்னையில் 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது. வீட்டுக் குக்கரின் வெயிட், காற்றழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் சேரும்வரை ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைப்பதால் உள்ளே வெப்பம் 120 டிகிரியை எட்டுகிறது. அந்த 20 டிகிரிதான் முக்கால் மணி நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்குகிறது. ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே குக்கர் இல்லாமல் துவரம் பருப்பு வேகவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எத்தனை விசில் என்ற கேள்விக்கு உண்மையான விடை கிடையாது. உள்ளே அழுத்தம் அளவுக்கு மேல் ஏறும்போது வெயிட் தூக்கிக்கொள்வதுதான் விசில். அடுப்பைப் பெரிதாக வைத்தால் நான்கு நிமிடத்தில் ஐந்து விசில் வந்துவிடும். சிம்மில் வைத்தால் ஐந்து விசிலுக்குக் கால் மணி நேரம் ஆகலாம். கேஸ்கட் தளர்ந்திருந்தால் பக்கவாட்டில் ஆவி போய்க்கொண்டே இருக்கும், விசிலே வராது. உள்ளே இருக்கும் பருப்புக்கு விசில் கேட்காது, வெப்பமும் நேரமும்தான் கணக்கு. எனவே முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்முக்குக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை எண்ணுவதே எல்லா வீட்டுக்கும் எல்லாக் குக்கருக்கும் பொருந்தும் முறை. எரிவாயுவும் மிச்சமாகும்.

ஒரு டம்ளர் துவரம் பருப்பை எடுத்து, தட்டில் பரப்பிக் கல்லும் மண்ணும் பார்த்துவிட்டு, தண்ணீர் ஓரளவு தெளியும்வரை கழுவ வேண்டும். முதல் தண்ணீர் கலங்கலாக வருவது இயல்பு. கையில் ஒட்டும் அளவுக்கு அடர்ந்த மஞ்சள் நிறத்தில் வந்தால் சாயம் ஏற்றிய பருப்போ என்று ஐயப்பட இடமுண்டு. கழுவிய பருப்பை மூன்று டம்ளர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் இரண்டு மூன்று பூண்டுப் பற்களும் சிறிது பெருங்காயமும் ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்த்து அதே நீரோடு அடுப்பில் வைக்கலாம். பருப்பு கொதிக்கும்போது அதன் புரதமும் சபோனின் என்னும் பொருளும் சேர்ந்து நுரையை எழுப்புகின்றன. எண்ணெய் அந்த நுரையை அடக்குகிறது. நுரை மேலேறி வெயிட் துளையில் போய் அடைத்துக்கொண்டால் அழுத்தம் வெளியேற வழியிருக்காது என்பதால், பருப்பு வைக்கும்போது குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற விதியை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. துளையை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மூடியைப் போடுவது நல்ல பழக்கம்.

அடுப்பை அணைத்த பின் அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவது அரிசிக்கே நல்லதல்ல. பருப்பில் மஞ்சள் நுரை சுவர் வரைக்கும் பீறிடும். தவிரவும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடமும் உள்ளே பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கிறது. அரிசியையும் பருப்பையும் அடுக்குப் பாத்திரங்களில் ஒரே குக்கரில் வைக்கிற வீடுகளில், சோறு பதமாக இருந்தால் பருப்பு வேகவில்லை, பருப்பு வெந்தால் சோறு குழைந்துவிட்டது என்ற புலம்பல் அடிக்கடி கேட்கும். பருப்பை ஒரு மணி நேரம் முன்கூட்டியே ஊறவைத்து அடிப் பாத்திரத்திலும், கழுவியவுடன் அரிசியை மேல் பாத்திரத்திலும் வைத்தால் இரண்டின் நேரமும் ஏறத்தாழ நெருங்கி வரும்.

பதம்

வெந்துவிட்டதா என்பதை விரல்தான் சொல்லும். ஒரு பருப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கினால், நடுவில் வெள்ளையாகச் சிறு குருணை தட்டுப்படாமல் முழுவதும் மாவாகப் பரவ வேண்டும். இது சாம்பாருக்கும் கடைசலுக்கும் உரிய குழைந்த பதம். கூட்டுக்கும் வடகறிக்கும் இந்தப் பதம் ஆகாது. கூட்டில் பாசிப்பருப்பு இதழ் விரிந்து மலர்ந்து, அமுக்கினால் மசியும் நிலையில் இருந்தால் போதும். வடகறிக்குக் கடலைப்பருப்பைக் குக்கரில் வேகவைக்கவே வேண்டாம், ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து ஆவியில் வேகவைத்தோ எண்ணெயில் பொரித்தோ உதிர்க்கிறார்கள். வட சென்னையில் தெலுங்கு பேசும் வீடுகளில் கீரையோ காயோ போட்டுச் செய்யும் பப்பு கரண்டியிலிருந்து மெதுவாக விழும் கெட்டியில் இருக்கும். சௌகார்பேட்டையின் குஜராத்தி வீட்டுப் பருப்பு வெல்லம் சேர்ந்து ரசத்தைவிடச் சற்றே திடமாக ஓடும். ஆகையால் வேகவைக்கும் முன் எதற்காக வேகவைக்கிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கடைவதற்குச் சூடு ஆறக் கூடாது. மூடியைத் திறந்ததும் மேலே நிற்கும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொண்டு, பருப்பை மத்தால் கடைந்துவிட்டு, வடித்த நீரைத் திரும்ப ஊற்றிக் கலந்தால் கட்டியில்லாமல் மசியும். தண்ணீரோடு சேர்த்தே கடைந்தால் பருப்பு மத்துக்குச் சிக்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். மிக்சியில் அடிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். செல்கள் கிழிந்து மாவுச்சத்து வெளியே கொட்டி, சாம்பார் பசைத்தன்மை அடைந்துவிடும். ஆறும்போது பருப்பு தானாகவே இறுகும் என்பதால், இறக்கும்போது விரும்பும் கெட்டியைவிடச் சற்று நீர்க்க இருப்பதுதான் சரியான அளவு. வேகவைத்த வெறும் பருப்பைச் சென்னை வெயிலில் மதியத்திலிருந்து இரவு வரை வெளியே வைத்தால் ஊசிப்போகும். ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் பருப்பு மசியவில்லை என்றால், புளி சேர்க்காத வரை மீட்க வழியுண்டு. கொதிக்கிற நல்ல தண்ணீர் அரை டம்ளரும் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் அழுத்தத்தில் வைத்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். அந்த மூட்டைப் பருப்பு ஒவ்வொரு முறையும் இப்படியே அடம்பிடிக்கிறது என்று தெரிந்தால், மீதமிருப்பதைச் சாம்பாருக்கு எடுக்காமல் அடை, பருப்பு உசிலி, பருப்புப் பொடி ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிடலாம். அவற்றில் பருப்பை ஊறவைத்தோ வறுத்தோ அரைத்துவிடுகிறோம். சாந்து தானாக இளகும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை.